கக்கத்தில் பெல்ட்

மூன்று வாரமாக
சீட் பெல்ட்டைக் கக்கத்துக்குக் கீழே விட்டுத்தான்
வேன் ஓட்டுகிறேன்.
வலது தோளிலிருந்து இறங்கும் பட்டை
சரியாக அங்கேதான் வந்து உட்காருகிறது.
வலிக்கவில்லை.
இருக்கிறது என்று ஞாபகப்படுத்துகிறது,
அதுதான் பிடிக்கவில்லை.

வேகாத கொண்டைக்கடலை அளவு.
சோப்பு நுரைக்குள் முதலில் தட்டுப்பட்டபோது
ஜெலுத்தோங் கொசு என்று நினைத்தேன்.
கொசுக்கடி மூன்று வாரம் இருக்காது.
காம்பை உள்ளே இழுக்காது.

கோப்பிக் கடையில் மோகனதாஸிடம்
என் மச்சானுக்கு என்று சொல்லிக் கேட்டேன்.
"ஆம்பளைக்கு ஏதுய்யா மாரு?
கொழுப்புக் கட்டியா இருக்கும்"
ரொட்டியைக் குழம்பில் தோய்த்தபடி சிரித்தான்.
நானும் சிரித்தேன், மச்சானுக்காக.

நெஞ்சு வலி என்று சொல்லிப் பாருங்கள்,
பாதிச் சாப்பாட்டில் எழுந்து காடி எடுப்பார்கள்.
அப்பாவுக்கு மாரடைப்பு வந்த இரவு
எங்கள் லோரோங்கே வாசலில் நின்றது.
மார் தட்டலாம், மார்பை நிமிர்த்தலாம்.
மார்பில் கட்டி என்றால் மட்டும்
அந்தச் சொல் சேலை கட்டிக்கொள்கிறது.

கவுண்டர் பெண்ணிடம் எப்படிச் சொல்வது?
குளியலறைக் கண்ணாடி முன்னால்
மலாயில் சொல்லிப் பார்த்தேன்.
நெஞ்சுக்கு அவர்கள் டாடா என்பார்கள்.
வேனை விட்டு இறங்கும் பிள்ளைகள்
கையசைத்துச் சொல்லும் அதே டாடா.
என் டாடாவில் ஒரு கட்டி.
வாயில் பிரஷோடு நின்று தனியாகச் சிரித்தேன்.
என்னவென்று பிலோமினா கதவைத் தட்டினாள்.
ஒன்றுமில்லை என்றேன்.

போன வருடம் அவளை
மேமோகிராமுக்கு அழைத்துப் போனவன் நான்தான்.
"ரெண்டு நிமிஷம்தான், போ" என்று
முதுகில் கை வைத்துத் தள்ளினேன்.
ரோஸ் நிற நாற்காலி வரிசையில்
நான் மட்டும் ஆண், பையைப் பிடித்துக்கொண்டு.
அங்கே சவரிநாதன் என்று கூப்பிட்டால்
அத்தனை பெண்களும் நிமிர்ந்து பார்ப்பார்கள்.
அவ்வளவுதான் பயம்.
இல்லை, அவ்வளவு மட்டுமில்லை.

பள்ளி விடுமுறை வரட்டும் என்றிருந்தேன்.
வந்தது.
வேனை ஆறு மாதப் பரிசோதனைக்கு எடுத்துப் போனேன்.
குழிக்குள் நின்ற பையன் சின்னச் சுத்தியலால்
தட்டித் தட்டிக் கேட்டான்.
எங்கோ ஒரு சத்தம் அவனுக்குப் பிடிக்கவில்லை,
சரிபண்ணிவிட்டு வா என்று எழுதிக் கொடுத்தான்.
அன்றைக்கே சரிபண்ணினேன்.
பதினோரு பிள்ளைகள் ஏறும் வண்டி.
விடுமுறை முடிந்தது.

நேற்றுக் காலை, என் சீட்டுக்குப் பின்னாலிருந்து
தர்ஷிகா, மூன்றாம் ஆண்டு, எட்டிப் பார்த்தாள்.
"அங்கிள், பெல்ட் தப்பாப் போட்டிருக்கீங்க.
பிரேக் போட்டா ஸ்டியரிங்ல போய் இடிப்பீங்க.
டீச்சர் சொன்னாங்க."
மற்றப் பத்துத் தலையும் திரும்பியது.

சரியாகப் போட்டேன்.
சிவப்பு விளக்கில் எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன,
தொண்ணூறு, எண்பத்தொன்பது.
பட்டைக்குக் கீழே அது இருந்தது.

இரவு, விளக்கை அணைத்த பிறகு
பிலோமினாவின் கையை எடுத்து
அந்த இடத்தில் வைத்தேன்.
அவள் ஒன்றும் கேட்கவில்லை. கையை எடுக்கவுமில்லை.
பிறகு எழுந்துபோய்
மோகனதாஸுக்குப் போன் போட்டாள். மணி பதினொன்றரை.
"நாளைக்கு வேன் ஓட்டணும்.
இவர் கிளினிக் போறார். மார்ல கட்டி.
இல்ல, எனக்கில்ல. இவருக்கு."
அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமில்லை.
"ஆறு மணிக்கு வந்துடறேன்" என்றான்.

தூக்கம் வரவில்லை.
நம்பர் எடுக்க ஒரு வெள்ளியைச்
சட்டைப்பையில் வைத்தேன்.
மோகனதாஸுக்குத் தாளில் எழுதினேன்:
இரட்டையர்கள் மாடியிலிருந்து இறங்கத் தாமதமாகும்,
ஹார்ன் அடிக்காதே.
கபிலனுக்கு ஜன்னலோரம், இல்லாவிட்டால் வாந்தி.
உன் பின்னால் தர்ஷிகா.
பெல்ட்டை ஒழுங்காகப் போடு,
பார்த்துக்கொண்டே வருவாள்.