மீன் ஐஸ்

மலை இப்போது கிண்டியில் இருக்கிறது,
மூன்றாம் மாடியில், குளிர்பெட்டிக்குள்,
நான்கு துண்டு பிவிசி குழாயாக.
அவலாஞ்சிக்கு மேலே பெயரில்லாத ஒரு சதுப்பில்
அட்டைகள் காலுறைக்குள் ஏற ஏற
நானும் சஃபூராவும் சம்மட்டியால் அடித்து இறக்கியது.
மேல்முனையில் ‘இன்று’ என்று எழுதினாள்.
அடிமுனையில் ‘யாருக்குத் தெரியும்.’
ஆறு மாதம் கழித்துத் தேதி வந்தது:
இருபதாயிரத்துச் சொச்சம்.

என் வேலை எண்ணுவது.
ஒரு சிட்டிகைக் கரிமண்ணை அமிலத்தில் வேகவைத்தால்
மணல் கரையும், நார் கரையும்,
மகரந்தம் மட்டும் பிடிவாதமாய் மிஞ்சும்.
பூ இல்லை. பூத்த கிளை இல்லை.
வந்து மொய்த்த வண்டின் வம்சமே
இல்லாமல் போயிருக்கலாம்.
தூள் இருக்கிறது,
எந்தப் பூட்டுக்கென்று தெரியாத சாவிக்கொத்து.

நூற்றெழுபதாவது சென்டிமீட்டரில்
புல். புல். புல்.
முந்நூறு எண்ணினால் இருநூற்றெண்பது புல்.
மழை தவறித் தவறிப் போன காலம்.
ஈரம் தங்கிய மடிப்புகளுக்குள்
சோலை ஒடுங்கிக் கிடந்திருக்கும்,
இரவெல்லாம் உறைபனி விழுந்திருக்கும்.
அதைப் பார்க்கும் என் கழுத்தில் வியர்வை.
மே மாதம், நாற்பத்தொரு டிகிரி.
இந்த அறையில் குளிர் மண்ணுக்கு மட்டும்.

நூற்றிருபதில் நாவல் இனத்தில் ஒன்று வருகிறது.
கொஞ்சம் மேலே இன்னும் நாலு.
மழை திரும்பிவிட்டதென்று அவை சொல்வதில்லை.
வந்து நிற்கின்றன, அவ்வளவுதான்.
‘மழை திரும்பியது’ என்று எழுதுவது நான்,
பின்னாலேயே ஓர் ‘எனலாம்’ சேர்த்து.

மேல் எட்டு சென்டிமீட்டரில்
சீகை, தைலமரம், பைன்.
யார் நட்டார்களென்று மண் குறித்துவைக்கவில்லை.

டிசம்பரில் புயல்.
மின்சாரம் போய்ப் பதினெட்டு மணி நேரம்,
ஜெனரேட்டர் அறையில் இடுப்பளவு தண்ணீர்.
நாலு டிகிரி ஏழானது, ஏழு பதினொன்றானது.
பூஞ்சை பிடித்தால் அதன் கரி புதுக்கரி;
கிழட்டு மண் வயதைக் குறைத்துச் சொல்லும்.
லக்னோவிலிருந்து சஃபூரா கேட்டாள்:
“மண் எப்படி இருக்கு?”
என்னைக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

ஏகாம்பரம், உதவியாளர், நிலை இரண்டு,
லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிப் போனவர்
விடியும் நேரம் மச்சானோடு வந்தார்.
மச்சான் டில்லிபாபு. மீன்பாடி வண்டி.
படகுகள் கடலுக்குப் போகாததால்
பட்டினப்பாக்கத்தில் மீனில்லாமல் கிடந்த ஐஸ்,
ஆறு பெட்டி, மேலே கோணிச்சாக்கு.
மூன்று மாடியும் தலையில் சுமந்து ஏற்றினார்கள்.

“இன்னா மேடம் கீது இதுல?”
“சேறு.”
“சேத்துக்கா ஐசு?”
ஜன்னலைக் காட்டினார்.
“தெருவுல எறங்கிப் பாருங்க,
முட்டி வரைக்கும் கீது.”

இது வேறு சேறு என்று சொல்ல வாயெடுத்து
அடுத்த வாக்கியம் கிடைக்காமல்
ஐஸை அடுக்கினேன்.
பனிக்கால மலையின் மீது
வஞ்சிரத்தின் வாடை.

நான்காம் நாள் வேளச்சேரி வீட்டைத் திறந்தேன்.
அலமாரியின் கீழ்த்தட்டில், ரேஷன் அட்டை மேல்,
மூன்று மில்லிமீட்டர் வண்டல்
மழமழவென்று, விரல் படாமல்.
துடைக்கத் துணி நனைத்தவள்
துணியை வைத்துவிட்டுச் சின்னக் குப்பி தேடினேன்.
ஹோமியோபதி மாத்திரைக் குப்பிதான் இருந்தது.
ஒரு ஸ்பூன் வழித்துப் போட்டுத் தேதி எழுதினேன்.
எது மேல்முனை என்று குறிக்க
அதற்குள் எல்லாம் கலங்கிவிட்டது.

குளிர்பெட்டிக்கு அன்று காலை உயிர் வந்திருந்தது.
குப்பியை வாங்கிக் குலுக்கிப் பார்த்தார் ஏகாம்பரம்,
ஒன்றும் கேட்கவில்லை.
பதிவேட்டில் ஏற்றினார்:
சேறு, மலை, நான்கு.
சேறு, வேளச்சேரி, ஒன்று.
அதற்குக் கீழே, வேறு மையில்:
ஐஸ் பாக்கி, தொள்ளாயிரம் ரூபாய்.