தண்ணிக்காரன்

பௌசர் ஓட்டிறவனைத் தண்ணிக்காரன் எண்டு கூப்பிட
ஊரிலை எவருக்கும் கூச்சமில்லை.
மற்ற அர்த்தத்திலும் பொருந்தும் எண்டு
சுகிர்தா சொல்லுவாள்.
சொல்லட்டும்.

கிளாஸ்கோவிலை இருந்து மச்சான் கேதீஸ்
குளிர்ச் சொக்ஸுகளுக்குள்ளை சுத்தி
நாலு போத்தல் கொண்டந்தவன்.
கோண்டாவில் வீட்டு மேல்தட்டு,
பிளாஸ்டிக் கதிரை மூண்டு, கவிழ்த்த வாளி ஒண்டு.
வாளியிலை நான்.
பருத்தித்துறை வடை, பொரிச்ச கணவாய்.
கரண்ட் போனதிலை ஒரு நன்மை, நிலவு.

"விழுங்கிறதுக்கு முதல் மண" எண்டான் கேதீஸ்.
"மணக்க இதென்ன மல்லிகையோ" எண்ட அருளப்பு மேசன்
முதலாவதை ஒரே மூச்சிலை கவிழ்த்துப்போட்டு
"சாராயம்தான், விசா எடுத்து வந்த சாராயம்" எண்டான்.

நான் மணந்தேன்.
இருவத்திரண்டு வருசமாய் இந்த நாக்குக்கு அதுதானே வேலை.
கண்ணைக் கட்டிவிட்டு ஒரு மிடறு தாருங்கோ,
திருநெல்வேலியோ, அரியாலையோ,
ஊர்காவற்றுறைச் சவரோ,
எந்தக் கிணறு எண்டு சொல்லுவன்.
சுன்னாகத்திலை எண்ணெய் மிதந்த நாளிலை
மெசின் வர முதலே துப்பினவன் நான்.

முதலாவது அயர்லாந்து. மூண்டு தரம் வடிச்சதாம்.
மழை விட்ட அடுத்த நாள்
மேல்தண்ணி அள்ளின மாதிரி,
ஒரு சொல்லும் சொல்லாமல் இறங்கிச்சுது.

இரண்டாவது செரிப் பீப்பாவுக்கை கிடந்தது.
நத்தாருக்கு அருளப்பு வீட்டிலை இருந்து வாற
றிச் கேக்கின்ரை அடிப்பக்கம்,
பேப்பரோடை ஒட்டிக்கிடக்குமே,
அதைச் சுரண்டி நக்கின மாதிரி.
பாங்க் பகீரதன் இதிலேயே நிண்டிட்டான்.
மூண்டாவதைக் கண்ணெடுத்தும் பாக்கேல்லை.

மூண்டாவது அமெரிக்கன். சோளம்.
உள்ளைக் கரிச்சுக் கருக்கின பீப்பாவாம்.
சீனி பதம் தப்பிற நேரம்
சட்டியிலை இருந்து எழும்புற வாசம்,
பின்னாலை தேங்காய்ப்பூ.
கடைக்காரன் மாதிரி வாசலிலேயே சிரிச்சுது.
பிடிக்கேல்லை எண்டில்லை.

நாலாவதைத் திறக்கக் காற்றே மாறிப்போச்சு.
ஏதோ ஒரு தீவு, ஈரச் சேற்றுக்கட்டியை எரிச்சு
அந்தப் புகையிலை தானியம் காயவைப்பினமாம்.
பெரியாஸ்பத்திரியிலை காயத்துக்கு மருந்து கட்டிற அறை.
அதுக்குள்ளை ஆரோ திருக்கைக் கருவாடு சுடுகினம்.
கடைசியிலை, நம்பமாட்டியள்,
சாட்டி.
கடலுக்குப் பக்கத்திலை கிடந்தும் கடலாகாத தண்ணி,
நுனிநாக்கிலை மட்டும் ஒரு உப்புக் குத்து.

நான் பேசாமல் இருந்தன்.
அருளப்பு, "இவனுக்கு ஏறிட்டுது" எண்டான்.

"ரண்டு துளி தண்ணி விட்டால் இன்னும் விரியும்"
எண்டு கேதீஸ் கடைப் போத்தலைத் திருகினான்.
கையைப் பிடிச்சன்.
பொறு, அதிலை ஒண்டுமில்லை, செத்த தண்ணி.
கீழை பௌசர்க் குழாயிலை
காலமை நிரப்பின மிச்சம் சொட்டும்.
தேக்கரண்டியோடை இறங்கி ஏறினன்.
ரண்டு துளி.
புகை விலகி, உள்ளை ஒரு வெள்ளரிப்பழம்.

"அந்தத் தீவுக்குப் போனனியோ?"
"மூண்டு நாள் நிண்டனான். ஆலை முழுக்கக் காட்டினவை."
"அவையின்ரை தண்ணி எப்பிடி?"

கேதீஸ் என்னைப் பாத்தான்.
செம்பு அண்டா எத்தினை, பீப்பா என்ன மரம்,
எத்தினை வருசம், எத்தினை பவுண்,
எல்லாம் சொன்னான்.
தண்ணியை அவன் குடிச்சுப் பாக்கேல்லை.
"தேத்தண்ணி நிறத்திலை ஓடினது" எண்டான்,
"சேத்துக்குள்ளாலை வாறதாலை."

தேத்தண்ணி நிறத்திலை ஒரு ஆறு.
இஞ்சை அதைக் கொண்டுபோய் இறக்கினால்
சனம் எனக்குக் கல்லெறியும்.

மேலை வந்த சுகிர்தா
என்ரை கிளாசை வாங்கி ஒருக்கா மணந்தாள்.
"சீ, டெட்டோல்."
பிறகு ஒரு மிடறு.
பிறகு கணவாயிலை ஒரு துண்டு.
பிறகு கிளாசைத் திருப்பித் தரேல்லை.

நாளைக்கு ஞாயிறு, பௌசர் ஓடாது.
வாளியிலை இருந்து எழும்பி
அவளுக்கு அதை விட்டிட்டு
நிலத்திலை இருந்தன்.