ஒரு தாளில் வெயில்

புதுப் பிள்ளைகளுக்கு
இவ்விடத்துக் காலநிலை பற்றி ஒரு பக்கம்,
மூன்று மொழியிலும், வெள்ளிக்குள் வேண்டுமாம்.
பீடாதிபதி கந்தோரிலிருந்து கடிதம்.
என் தலைக்கு மேலே சுற்றுகிற விசிறி
வெயிலைக் கிளறித்தான் விடுகிறது.

எழுதத் தொடங்கினேன்.
"அறிவியல்நகரில் காலை பத்துக்கே
சைக்கிள் இருக்கை சுடும்.
ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஏறவும்."
வெட்டினேன். இது காலநிலையா, சைக்கிளா?
கன நேரம் யோசித்துத் திரும்பச் சேர்த்தேன்.

"குழாயில் வருவது கல்லுத் தண்ணீர்.
சவர்க்காரம் நுரைக்காது; அது சவர்க்காரத்தின் பிழையல்ல.
முதல் மாதம் தலைமயிர் தும்பாகும்.
குடிக்க, உணவுச்சாலைக்குப் பின்னால்
வடிகட்டிய நீர் மட்டும்."
அழ வேண்டாம் என்றும் எழுதியிருந்தேன்.
அலுவலக மொழி இல்லையென்று அடித்துவிட்டார்கள்.

கச்சான் எழும்பினால் யன்னலைச் சாத்தவும் என்ற வரி
சிங்களத்தில் திரும்பி வந்தபோது
ரட்டகஜு எழும்பினால் என்று இருந்தது.
மொழிபெயர்த்த பசிந்து, கம்பளைப் பொடியன்,
அகராதியைத் தூக்கிக்கொண்டு வந்தான்:
கச்சான் என்றால் கடலைதானே, மிஸ்?
விளக்க வாயைத் திறந்தேன்.
செம்மண் ஒரு கை அள்ளி
யன்னலால் வந்து இருவர் பல்லிலும் விழுந்தது.
கடித்துப் பார், இதுதான் என்றேன்.

நடுவில் வெலிமடைக்காரன் ஒருவனுக்கு
மூக்கால் இரத்தம்.
அண்ணாந்து படு என்று ஆளாளுக்குச் சத்தம்.
இல்லை, குனி. மூக்கைப் பொத்து. வாயால் மூச்செடு.
பத்து நிமிடம் மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றோம்.
அதையும் சேர்த்தேன், தடித்த எழுத்தில்.

"ஐப்பசி தொடங்கினால்
சப்பாத்தைத் தட்டிவிட்டுக் காலை விடவும்."
ஏனென்று எழுதவில்லை.
எழுதினால் மாத்தறையிலிருந்து அம்மாமார்
ஒவ்வொரு இரவும் தொலைபேசி எடுப்பார்கள்.
"இரணைமடு வான்கதவு திறக்கும் நாளில்
படம் எடுக்கக் கிட்டப் போகாதீர்கள்.
மதியத்தில் மரநிழலில் ஒதுங்கலாம்."

அந்த வசனத்தில் நின்றுவிட்டேன்.
எந்த மரம்?
"ஆட்கள் நடந்து தேய்ந்த பாதை உள்ள மரநிழலில்"
என்று திருத்தினேன்.
நிழலுக்கு ஏன் இத்தனை நிபந்தனை என்று
பொறுப்பதிகாரி சிரித்தார்.
போன மாதம்தான் கொழும்பிலிருந்து மாற்றலாகி வந்தவர்.

எனக்குப் பதினொரு வயதில்
வெயிலைப் பற்றி ஒருவரும் தாள் தரவில்லை.
வேறு தாள் வந்தது, மேலேயிருந்து,
எந்தப் பக்கம் போகவேண்டும் என்று அச்சடித்து.
நல்ல வழுவழுப்பு.
தம்பி அதில் விசிறி மடித்தான்.
பிறகு செட்டிகுளத்தில் தறப்பாளுக்குக் கீழே
ஒரு பகல் எத்தனை முழம் என்று
நாங்களே அளந்து பழகினோம்.
இதெல்லாம் ஒரு பக்கத்துக்குள் அடங்காது.

வெள்ளிக்கிழமை
இருநூற்றி நாற்பது பிரதி.
நூற்றிப்பத்தில் இயந்திரம் சூடேறிப் படுத்துவிட்டது.
மிச்சத்தை பசாரில் எடுத்து வந்தேன்.

மண்டபத்தில் கொடுத்து முடிப்பதற்குள்
பின்வரிசை முழுக்கத் தாள்கள் மடிந்து
முகத்துக்கு முன் அசையத் தொடங்கின.
வாசியுங்கள் என்று சொல்ல வந்தேன்.
சொல்லவில்லை.

தலவாக்கலையிலிருந்து ஒருத்தி, ரெஜினா,
கயிற்றால் கட்டிய கம்பளியோடு வந்தவள்,
இரண்டு தரம் வாசித்துவிட்டு எழும்பினாள்.
"மிஸ், இங்க மேகம் எப்ப வீட்டுக்குள்ள வரும்?"
ஆரோ சிரித்தார்கள்.
அவள் சிரிக்கவில்லை.

இங்கே வராது, என்றேன்.
மார்கழியில், விடிய ஐந்து மணிபோல,
ஏ-ஒன்பது வீதியில் கொஞ்ச நேரம் நிற்கும்.
பஸ் வந்தால் கலைந்துவிடும்.
கம்பளியைத் திருப்பி அனுப்பாதே.

"அப்ப நாமதான் வெளிய போய்ப் பாக்கணும்"
என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு
பேனையைத் திறந்து
தாளின் ஓரத்தில் குறித்தாள்:
மார்கழி. ஐந்து மணி. பஸ்சுக்கு முதல்.