பதினோரு சதவீதம்

முதல் வாரம் யாரும் அதை வண்டி என்று சொல்லவில்லை.
குளிர்சாதனப் பெட்டி என்றான் வெய்யோ.
கதவைத் திறந்தால் விளக்கெரிகிறது,
உள்ளே பால்தான் இல்லை.

நான் ஹில்க்கா. பம்ப் என் பொறுப்பு.
பதினாறு வருஷம்
டீசல் வண்டியின் விலாவில் கைவைத்துத்
தண்ணீரைப் படித்தவள்.
அதிர்வு கூடினால் எங்கோ குழாய் மடிந்திருக்கிறது,
திக்கினால் பனிக்கட்டி அடைத்திருக்கிறது.
முள் நகரும் முன்பே உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும்.
இதில் கைவைத்தால்
ஒன்றுமில்லை.
தூங்கும் மாடுகூட இதைவிட அசையும்.

நிலையத்தின் கூரையில் இரண்டு மஞ்சள் குழாய்கள்,
புகையை உறிஞ்சி வெளியே துப்பியவை,
வேலையற்று வாய் பிளந்து தொங்குகின்றன.
மேலே இரண்டுமுறை வெள்ளையடித்தும் போகாத கரி.
அதே கரியைத் தோர்ஸ்தியின் நெஞ்சிலும்
படமெடுத்துக் காட்டினார்கள்.
அவன் அணைத்த தீயா,
அவன் பக்கத்தில் நின்று உறுமிய வண்டியா
என்று டாக்டர் சொல்லவில்லை.
தோர்ஸ்தி கேட்கவும் இல்லை.

ஜனவரி, ஓவ்லு நகரம், மைனஸ் இருபத்தாறு.
மூக்கின் முடி ஒவ்வொன்றும் தனித்தனியாக உறையும்
அதிகாலை மூன்று பத்து.
தெருவில் ஈ காக்கை இல்லை, சைரனை நிறுத்தினோம்.
பனிமேல் டயர் நறநறத்தது, அவ்வளவுதான்.
பதினெட்டு டன் இரும்பு
பூனைபோல் வந்து நின்றது
எரிகிற வீட்டுக்காரர்களுக்கே தெரியவில்லை.
காலுறையோடு நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்து
"எப்போது வந்தீர்கள்?" என்றார்
கோபமாக.

பம்பைப் போட்டேன். தண்ணீர் எழுந்தது.
திரையில் எண்பத்திரண்டு.
குளிரும் தின்றது, தீயும் தின்றது.
ஐம்பது. முப்பத்தெட்டு. இருபத்தாறு.
பத்துக்குக் கீழே இறங்கினால்
ஆபத்துக்கென்று அதன் வயிற்றில் வைத்த சின்ன டீசல் எஞ்சின்
தானாக எழுந்து உறுமும்.
வெய்யோ அதற்காகவே காத்திருந்தான்:
"யார் அப்பன் என்று அப்போது தெரியும்."

அப்போதுதான் கேட்டது.
டிக்.
டிக் டிக்.

கட்டிடம் வேகும்போது இரும்பு முனகும், மரம் பொரியும்.
அந்தப் பாஷை எனக்குப் புரியும்.
இது அதில்லை. இதில் இடைவெளி இருந்தது,
தட்டுவதா வேண்டாமா என்று யோசிக்கும் இடைவெளி.
பட்டியலில் இருபத்தொரு பேர்,
பனியில் நின்றதும் இருபத்தொரு பேர்.
வெய்யோ தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு
சுவரோரத் தகரக் குழாயில் காதை வைத்தான்,
அந்தக் குளிரில்.
(எடுக்கும்போது கொஞ்சம் தோல் அங்கேயே தங்கிவிட்டது.)
"கீழே" என்றான். "சலவை அறைப் பக்கம். பேசாதே."

பதினாறு.
ஓட்டுநர் அறையின் ஹீட்டரை அணைத்தேன்.
பதினைந்து.
கம்பத்து விளக்கை அணைத்தேன்.
தண்ணீரில் மட்டும் கைவைக்கவில்லை,
அதன் மறுமுனையில் நம் ஆட்கள்.
பதின்மூன்று.
வாழ்க்கையில் முதல்முறையாக
ஒரு எஞ்சின் கிளம்பக் கூடாதே என்று
பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பதினொன்றில் தூக்கி வந்தார்கள்.
எந்தப் பட்டியலிலும் இல்லாதவன்.
சூடான உலர்த்தியின் பின்னால் ராத்தங்க ஒதுங்கியவன்.
கையில் ஒரு டீஸ்பூன்.
விடு, விடு என்றும் விடவில்லை.
ஆம்புலன்ஸ் படுக்கையின் கம்பியிலும்
தட்டிக்கொண்டே போனான்.

ஒன்பதில் டீசல் எழுந்தது.
தெரு அதிர்ந்தது, ஜன்னல்கள் விழித்தன.
வெய்யோ வாயசைத்து ஏதோ சொன்னான்,
ஒரு எழுத்தும் கேட்கவில்லை.
பிறகு நான் கேட்டதற்கு
ஒன்றுமில்லை என்றுவிட்டான்.

நிலையம் திரும்பிக் கேபிளை மாட்டினேன்.
காதில் கட்டோடு அவன் காபி கலந்தான்.
பழைய இடத்தில், கையுறையைக் கழற்றி,
வண்டியின் விலாவில் கைவைத்தேன்.
இப்போதும் ஒன்றுமில்லை.
எடுக்கவும் மனமில்லாமல்
கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.