மறு அறிவித்தல் வரை

கூட்டம் பத்து மணிக்கு.
பத்தேகாலுக்குக் கோரம் நிறைந்தது.
உட்துறைமுக வீதி மண்டபத்தில்
நான்கு மின்விசிறியில் மூன்று சுற்றின.
வாசலில் ஒரு புள்ளிமான் தலையை நீட்டி
வரவுத்தாளைத் தின்னப் பார்த்தது.
அதுக்கு வாக்குரிமை இல்லை என்றார் மரியநேசன்.
எல்லாரும் சிரித்தார்கள்.
அன்று எல்லாரும் சேர்ந்து சிரித்தது அதோடு சரி.

நான் ஐஸ் கம்பனியின் செயலாளர்.
பங்குப் பதிவேடு முழுக்க என் கையெழுத்து.
கிண்ணியா ஜெய்னுலாப்தீனுக்கு இருநூறு,
சீனக்குடா விமலசேனவுக்கு நூற்றைம்பது.
காப்பை அடகு வைத்து வாங்கியவை,
மீன்காசில் கிழமைக்குக் கிழமை
கழித்துக் கழித்துச் சேர்ந்தவை.
பிறகு மார்கழியில்,
ஒரு படகும் இறங்காத மழைக் கிழமையில்,
தலைவரின் மச்சானுக்கு நாற்பதாயிரம்.
அதையும் நான்தான் எழுதினேன்.
அதே பேனை.

பிரேரணை ஒன்றுதான்: தலைவரை நீக்குவது.
கை உயர்த்தினால் ஆளுக்கு ஒன்று.
வாக்குச்சீட்டு என்றால் பங்குக்கு ஒன்று.
மண்டபம் நிறையக் கைகள் எழுந்தன,
உப்பில் வெடித்தவை, ஒரு விரல் குறைந்தவை.
மச்சான் கையை உயர்த்தவேயில்லை.
சீட்டு வேணும் என்றார், மெதுவாக.

பிஸ்கட் தகரம் ஒன்று,
மூடியில் கீறிய வாயோடு,
வரிசை வரிசையாய்ப் போய் என்னிடம் திரும்பியது.

பதினொன்று இருபதுக்கு என் தொலைபேசி அதிர்ந்தது.
கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றத் தடைக்கட்டளை.
வழக்கறிஞர் படமெடுத்து அனுப்பியது,
ஓரத்தில் அவர் பெருவிரலின் நிழல்.
“எதிராளிகளும் அவர்தம் முகவர்களும் ஊழியர்களும்”
என்ற இடம் வரை வாசித்தேன்.
ஊழியர் என்றால் நான்.
தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.
எண்ணத் தொடங்கினேன்.

ஏன் என்று கேட்டால்
சட்டத்தில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.
படம் கட்டளையா, காகிதம்தான் கட்டளையா என்று
இரண்டு பக்கத்து அப்புக்காத்துமாரும் பிறகு
மூன்று தவணை வாதாடினார்கள்.
எனக்கு, நான் எழுதியதை
ஒருமுறையாவது கூட்டிப் பார்க்க வேணும் போலிருந்தது.
நாற்பதாயிரத்தோடு ஒரு தொகை.
அது இல்லாமல் ஒரு தொகை.

பன்னிரண்டு பத்துக்கு பிஸ்கால் வந்தார்.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே
தொலைநகல் தாளை நின்றபடி வாசித்தார்.
பெறுபேற்றை அறிவித்தலாகாது. பதினான்கு நாள்.
மெழுகு உருக்கினார். நூல் கட்டினார்.
வழக்குப் போட்டவர்கள் கேட்டது
நாற்பதாயிரத்தின் வாயைக் கட்டச் சொல்லி.
கட்டளை எல்லா வாயையும் கட்டியது.
தலைவர் தலைவராகவே எழுந்து
தேநீர் குடிக்கப் போனார்.

பதினான்கு நாள் நீடிக்கப்பட்டது.
நீதிபதி விடுமுறை. நீடிக்கப்பட்டது.
ஆட்சேபனைக்குத் தவணை. பதிலுக்குத் தவணை.
காசோலைகளில் தலைவரின் ஒப்பம்
வர வரச் சாவகாசமாய் விழுகிறது.
விடிய மூன்று மணிக்கு
ஆலையில் கட்டிகள் இறங்குகின்றன,
எந்தக் கட்டளைக்கும் நில்லாமல்
லொறி ஏறுமுன்னே ஒழுகுகின்றன.
“பிள்ளை, ஆர் வெண்டது?”
கொட்பேயில் எந்தத் தோணியைக் கடந்தாலும் இதே கேள்வி.
மறு அறிவித்தல் வரை, என்கிறேன்.
அவர்கள் என் முகத்தைப் பார்க்கிறார்கள்.
முகத்துக்குத் தடையுத்தரவு ஒருவரும் வாங்கவில்லை.
நானே போட்டுக்கொண்டேன்.

ஆனியில் ஜெய்னுலாப்தீன் மௌத்தானார்.
பதிவேட்டில் திகதியிட்டுச் சிவப்பால் கோடிழுத்தேன்.
ஆனால் கூட்டம் முடியவில்லை,
ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது.
ஆகவே என் இரும்பு அலுமாரிக்குள்
அவர் இன்னமும் சமூகமளித்திருக்கிறார்,
கோணலாய் ஒரு புள்ளடியோடு.

மகன் ரிழாப் பங்கை மாற்ற வந்தான்.
படிவம் கொடுத்தேன். முத்திரைக் காசு வாங்கினேன்.
எழும்பிப் போனவன் கதவடியில் நின்று கேட்டான்:
“வாப்பாட இருநூறால ஏதும் நடந்ததா?”

நாற்பதாயிரத்தைத் தள்ளிய கணக்கில்
இரு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம்
இருநூறிலும் குறைவு.
எந்தப் பக்கம் என்று சொன்னால்
நீதிமன்ற அவமதிப்பு.

ரசீதை மறந்திட்டீர் தம்பி,
என்றேன்.