முன்னுரிமைத் தேதி

மாத நடுவில் ஒருநாள்
அமெரிக்கா ஒரு தேதியை வெளியிடும்.
அதற்கு முன்னால் மனுப் போட்டவர்கள்
பெட்டி கட்டலாம்.
என் தேதி மார்ச் ஒன்பது.
எந்த வருடத்து மார்ச் என்று
கணவர் இப்போதெல்லாம் கேட்பதில்லை.

இலோயிலோ நகரத்தில்
ஆறு தெரியும் மூன்றாம் மாடி.
பதினான்கு டயாலிசிஸ் இயந்திரங்கள்.
தாதிகள் நாங்கள் ஆறு பேர் இருந்தோம்.

கிறிஸ்டெல்லா லீட்ஸுக்குப் போனாள்.
அங்கே கை கழுவிக் காட்டவும் ஒரு தேர்வு.
பன்னிரண்டு வருடம் கழுவிய கையை
அந்நியர் ஒருவர் முன்னால் கழுவி
முதல் தடவை தோற்றாள்.

ஜொனாலின் ரியாத்துக்கு. ஆறே வாரத்தில் விசா.
இப்போதைக்குப் புருஷனை அழைத்துப்போக முடியாது என்றாள்.
சொல்லும்போது ஏனோ
முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

மீதி நான்கு பேர்.
இயந்திரம் அதே பதினான்கு.

முகவர் அலுவலகத்தில் நாடுகளைப் பரப்பி வைப்பார்கள்.
எது இன்று பிடித்தது, எது ஐஸில் கிடந்தது என்று
செவுளைத் தூக்கிப் பார்ப்பது நம் பாடு.
நான் இருப்பதிலேயே நீளமான வரிசையைக் கேட்டு வாங்கினேன்.
குடும்பத்தோடு போகலாம், அங்கேயே இருந்துவிடலாம் என்றார்கள்.
அன்றைக்கு லியான்டாவுக்குப் பதினைந்து.
இருபத்தொன்று ஆகிவிட்டால்
அந்தத் தாள்களில் அவள் என் குடும்பம் இல்லை.
கேக்கின் மேல் மெழுகுவத்தியை
எல்லோரும் ஏறுமுகமாக எண்ணுவார்கள்.
நான் இறங்குமுகமாக.

செவ்வாய், வியாழன், சனி
நான்காம் எண் நாற்காலி திரு. எஸ்தாந்தேயுடையது.
குயிமாராஸ் படகுத்துறையில்
முப்பது வருடம் சீட்டுக் கிழித்தவர்.
"இன்னும் போகலையா?"
"இன்னும் இல்லை."
பிறகு இரண்டு தடித்த ஊசிகள்,
நான்கு மணி நேரம், இயந்திரத்தின் முனகல்.
அவரும் ஒரு வரிசையில்தான், சிறுநீரகத்துக்கு.
அந்தத் தேதியை
யாரும் மாதாமாதம் வெளியிடுவதில்லை.

போன மாதம் என் தேதி பின்னால் போயிற்று.
நகராமல் நிற்பது பழகிய ஒன்று.
பின்னால் போகும் என்று எவரும் சொல்லவில்லை.
இரவுப் பணி முடிந்து
படிக்கட்டில் நின்று போனில் பார்த்தேன்.
பதினான்கு மாதம்.
நான் உழைத்துத் தீர்த்த பதினான்கு மாதத்தை
மறுபடி காத்திரு என்றது.

திரு. எஸ்தாந்தேயின் கையில்
பஞ்சு தேய்த்துக்கொண்டே சொன்னேன்.
"புயல் நாளில் நாங்களும் அப்படித்தான்" என்றார்.
"சீட்டு வாங்கிப் படகில் ஏறியவனையும்
இறங்கச் சொல்லுவோம்."
பிறகு "பாவம் நீ" என்றார்.
ஆனால் உதட்டோரத்தை ஒளிக்க அவருக்குத் தெரியவில்லை.

நான் விடுப்பில் இருந்த வாரம்
புதுப்பெண் குத்தி முழங்கை வரை கறுத்திருந்தது.
இன்னும் மஞ்சளாய் இருக்கிறது அந்த இடம்.

கோபம் வந்திருக்க வேண்டும்.
எத்தனை அலுவலகம், எத்தனை முத்திரை, எத்தனை கட்டணம்.
நான் இங்கேயே இருப்பதற்கு மலர்ந்த முகம்
அது ஒன்றுதான்.
ஊசி ஒரே குத்தில் இறங்கியது.

இப்போது ஞாயிறு மாலைகளில் ஜெர்மன்.
அந்த மொழியில் ஊசி பெண்பால். வலி ஆண்பால்.
சிறுநீரகம் பெண்பால். குழந்தை இரண்டும் இல்லை.
அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல் வைத்திருக்கும் மொழியில்
வளர்ந்தவள் நான்,
பொருள்களின் பாலை மனப்பாடம் செய்கிறேன்.
லியான்டா பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள்.
மூன்றாம் வாரம் என்னைத் திருத்த ஆரம்பித்தாள்.

சனிக்கிழமை, நான்காம் எண் நாற்காலி.
"கொஞ்சம் வலிக்கும்" என்பதை
ஜெர்மனில் சொல்லிப் பார்த்தேன்.
திரு. எஸ்தாந்தே நிமிர்ந்தார்.
"அப்படின்னா?"

"காலை வணக்கம்" என்றேன்.