கும்மிடிப்பூண்டி, மூன்றாம் எண் பம்ப்

சொட்டுவதை ஒப்புக்கொண்டு வேலை பார்த்தது
பழைய கயிற்றுப் பேக்கிங் ஒன்றுதான்.
நிமிடத்துக்கு நாற்பது சொட்டு.
குறைந்தால் தண்டு கருகும்,
கூடினால் நட்டைக் கால் சுற்று இறுக்கு.
தண்ணீருக்கு அது போதும்.

இது காஸ்டிக்.
ஒற்றை ஸ்பிரிங் சீல் போட்டோம்.
உப்புப் பூத்து ஸ்பிரிங் அசைய மறந்தது;
ஓ-ரிங் உரசிய இடத்தில்
தண்டில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம்.
உலோகத் துருத்தி வைத்த சீல் கேட்டேன்.
அது தண்டை உரசாது, தானே மூச்சு விடும்.
விலையைப் பார்த்த மேனேஜர்
மூச்சே விடவில்லை.

இரவு பன்னிரண்டேகாலுக்கு
தடா குடோனிலிருந்து ஓபுலேசு
மொபெட்டில் கொண்டுவந்தான் கார்ட்ரிட்ஜை.
இரட்டைச் சீல். கோத்தே வரும்,
அளந்து தப்பு செய்ய நமக்கு வேலை வைக்காது.
"எளாவூர் செக்போஸ்ட்டுல பிரிக்கச் சொன்னாங்கக்கா.
என்னதுன்னாங்க.
ஒரு பக்கத்துது மறுபக்கம் போகாம நிறுத்துறதுன்னேன்.
அப்ப எங்க ஆளுதான்னு
தடவிப் பாத்துட்டு அனுப்பிட்டாங்க."

எங்கே தடவினார்கள்?

டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன்.
கண்ணாடியாய்த் தேய்த்த கார்பன் முகத்தில்
ஒரு கட்டைவிரல், ரேகை ரேகையாய்.
ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன்,
மூன்று தரம், மூன்று துணி.

ஒன்றேமுக்காலுக்கு ஓட விட்டோம்.
சுற்றும் முகம், நிற்கும் முகம்,
நடுவே மயிரைவிட மெல்லிய ஈரம்.
அதுவும் இல்லையென்றால் இரண்டும் எரியும்.
விடியும்போது தடுப்பு நீர்க் குடுவையில்
மட்டம் அரை விரல் இறங்கியிருந்தது.

லாக் புத்தகத்தில் 'கசிவு இல்லை' என்று எழுதினேன்.
அந்தக் கட்டத்தில்
அதற்கு மேல் எழுத இடம் கிடையாது.